சக்லத்வாலாவுக்கு ஒரு வரிதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போன முதல் இந்தியர்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முக்கால்வாசி இடம் தாதாபாய் நௌரோஜிக்கே போய்விட்டது. பவ்நகரி, ஷாபூர்ஜி சக்லத்வாலா இருவருக்கும் சேர்த்து, அவர்களும் பார்சிகள் என்று ஒரே வரி. பவ்நகரி 1895-இல் கன்சர்வேட்டிவ் கட்சியில் ஜெயித்தவர், பேரரசின் விசுவாசி. சக்லத்வாலாவோ அந்தப் பேரரசே வேண்டாம் என்று அதே அவைக்குள் நின்று பேசியவர். இருவரையும் ஒரே மூட்டையில் கட்டலாமா?

சக்லத்வாலாவின் அம்மா ஜாம்ஷெட்ஜி டாடாவின் சகோதரி. சக்லத்வாலா, பம்பாயில் பிளேக் பரவியபோது தடுப்பூசி கண்டுபிடித்த ஹாஃப்கினோடு சேர்ந்து வேலை பார்த்தார், அப்புறம் டாடாக்களுக்காகக் காடு மேடெல்லாம் இரும்புத் தாது தேடி அலைந்தார். 1905-இல் இங்கிலாந்து போனார். சிகிச்சைக்குத் தங்கிய மேட்லாக் ஊரில், அங்கே பரிமாறும் வேலையில் இருந்த சாலி மார்ஷைப் பார்த்துப் பழகி 1907-இல் கல்யாணமும் செய்துகொண்டார்.

லண்டனில் பேட்டர்சீ வடக்குத் தொகுதியில் லேபர் (தொழிலாளர்) கட்சி ஆதரவோடு 1922-இல் ஜெயித்தார், மறு வருடமே தோற்றார். 1924-இல் லேபர் கட்சி கம்யூனிஸ்டுகளுக்குக் கதவைச் சாத்திவிட்டது, இவர் கம்யூனிஸ்டாகவே நின்று திரும்ப ஜெயித்தார். அந்தத் தொகுதித் தொழிலாளிகளுக்கு எத்தனை பிடிவாதம் பாருங்கள்! 1926 பொது வேலைநிறுத்தத்துக்குச் சற்று முன், தொழிலாளிகளைச் சுடாதீர்கள் என்று ராணுவ வீரர்களுக்குச் சொல்லும் விதமாக ஹைட் பார்க்கில் மே தினத்தில் பேசியதற்காக இரண்டு மாதம் சிறை. எம்.பி. பதவியெல்லாம் அங்கே செல்லுபடியாகவில்லை.

எனக்கு அவரிடம் பிடித்தது, அவர் எந்தக் கட்டத்துக்குள்ளும் ஒழுங்காக அடங்காததுதான். 1927-இல் இந்தியா வந்து காந்தியோடு பகிரங்கமாகக் கடிதச் சண்டை போட்டார், ஜனங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவதையும் 'மகாத்மா' பட்டத்தையும் எப்படிச் சகிக்கிறீர்கள் என்று கேட்டார். சரி, பகுத்தறிவுவாதி என்று நினைப்போம். அதே வருடம் லண்டன் காக்ஸ்டன் ஹாலில் தன் பிள்ளைகளுக்குப் பார்சி முறைப்படி நவ்ஜோத், அதாவது மதத்தில் முறையாகச் சேர்க்கும் சடங்கு நடத்தினார்! கம்யூனிஸ்ட் கட்சி கண்டித்தது, அவர் அசரவில்லை.

அந்தப் பயணத்துக்கு அப்புறம் பிரிட்டிஷ் அரசு அவரை இந்தியாவுக்குள் வரவிடாமல் தடை போட்டது. அதாவது, பிரிட்டனில் சட்டம் இயற்றும் அவையில் உட்காரலாம், பிறந்த ஊருக்குப் போகக் கூடாது. 1929-இல் அவர் தோற்றார், லேபர் ஆட்சிக்கு வந்தது, அந்த அரசும் தடையை நீக்கவில்லை. 1936-இல் லண்டனிலேயே இறந்துபோனார். கன்சர்வேட்டிவ்காரர்கள் தடுத்ததில் ஆச்சரியமில்லை, ஒரு காலத்தில் அவரைத் தேர்தலில் ஆதரித்த கட்சி செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இடம் இருந்தால் இந்தத் தடை விவகாரத்தை மட்டுமாவது விரிவாகப் போடுங்கள், நௌரோஜி ஐந்து ஓட்டில் ஜெயித்த கதையைப் போதுமான அளவு படித்தாகிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி