டவுன்லோட் பண்ணா போதுமா, கையெழுத்தையும் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்றப்போ பக்கத்துலயே நீளமா ஒரு ஷா-256 நம்பர் (ஃபைல்ல இருக்கறதை வச்சு கணக்கிட்டு எடுக்கற அடையாள எண்) போட்டிருப்பாங்க, அது ஒத்துப்போச்சுன்னா ஃபைல் ஒரிஜினல்னு நிறைய பேர் நம்பிடறாங்க, அது தப்புங்க. 2016 பிப்ரவரியில லினக்ஸ் மின்ட்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட வெப்சைட்டை ஹேக் பண்ணி டவுன்லோட் லிங்க்கையே பின்கதவு (ஹேக்கர் ரகசியமா உள்ள புகற வழி) வச்ச ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) பக்கம் திருப்பி விட்டாங்க. சைட்டுக்குள்ள புகுந்தவனுக்கு ஃபைலோட சேர்த்து அந்த நம்பரையும் மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?

டிஜிட்டல் கையெழுத்து அப்படி இல்ல. அதைப் போட டெவலப்பர் ரகசியமா வச்சிருக்கற ப்ரைவேட் கீ வேணும், அது வெப்சைட் சர்வர்ல இருக்காது (இருக்கவும் கூடாது), அதுக்கு ஜோடியா எல்லாருக்கும் கொடுத்து நம்ம கைல இருக்கற பப்ளிக் கீயை வச்சு சரிபார்த்தா ஃபைல்ல ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் மாட்டிக்கும். ஆனா இப்படி சரிபார்க்கற ஜிபிஜிங்கற ப்ரோக்ராம் "குட் சிக்னேச்சர்"னு காட்டினதும் விட்டுடாதீங்க, அதுக்குக் கீழயே இந்தக் கீ யாரோடதுன்னு உறுதி இல்லன்னு ஒரு எச்சரிக்கை வரும், அதைத்தான் யாரும் படிக்கறதே இல்ல. கீயை அடையாளம் காட்டற 40 எழுத்து ஃபிங்கர்பிரின்ட்டை வேற ஒரு இடத்துலேருந்து எடுத்து முழுசா ஒப்பிட்டுப் பாக்கணும், கடைசி எட்டு எழுத்து மட்டும் பாத்தா போதாது, அதே எட்டுல முடியற போலி கீ செய்யறது ரொம்ப சுலபம்.

கையெழுத்து இருந்தும் ஏமாந்ததும் உண்டு, 2017ல கம்ப்யூட்டரை சுத்தம் பண்ற சிசிக்ளீனர் சாஃப்ட்வேர் செல்லுபடியாகற கையெழுத்தோடவே மால்வேரை சுமந்து வந்துச்சு. அதுக்காக செக் பண்றதையே விட்டுட முடியாது.

உங்க டெக் பக்கத்துல ஒரு சாஃப்ட்வேரை பரிந்துரை பண்றப்போ, கையெழுத்தை எப்படி சரிபார்க்கறதுன்னும் ரெண்டு வரி சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்