ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டர பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆபரேஷன்னு சொன்னதும் நம்ம பக்கம் எல்லாரும் யாரு பண்றாங்க, எவ்ளோ ஆகும், எப்ப வீட்டுக்கு விடுவாங்கன்னுதான் கேக்கறோம், மயக்க மருந்து குடுக்கற டாக்டர் யாருன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. தசை சம்பந்தமா அபூர்வமான வியாதி இருக்கறவங்க வீட்ல முதல்ல கேக்க வேண்டியதே அதுதாங்க, அத சொல்லத்தான் இந்த லெட்டர்.

என் தம்பிக்கு ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல வேல. குடலிறக்கம் வந்து சேலத்துல ஆபரேஷன் பண்ணணும்னு ஆயிடுச்சு. அவனுக்கு வயசுக்கு வந்த காலத்துலேர்ந்தே ஹைப்போகேலமிக் பீரியாடிக் பராலிசிஸ்னு ஒரு வியாதி இருக்கு. பகல் பூரா மூட்ட தூக்கிட்டு வந்து ராத்திரி வயிறு முட்ட சோறு தின்னுட்டு படுத்தான்னா விடியக்காலைல கை கால் அசையாது, நினைவு நல்லா இருக்கும், பேசுவான், ஆனா மேல கெடக்கற போர்வைய தள்ள முடியாது. ரத்தத்துல இருக்கற பொட்டாசியம் தசைக்குள்ள போய் அடைஞ்சுக்கறதால வர்றது. ரத்தத்துல 3.5லேர்ந்து 5 வரைக்கும் இருக்க வேண்டியது, அட்டாக் வர்றப்ப மளமளன்னு இறங்கிடும்.

முன்னாடி ஒரு தடவ இப்படி விழுந்து கெடந்தப்ப ஒரு ஆஸ்பத்திரில சோர்வுதான்னு சொல்லி குளுக்கோஸ் பாட்டில மாட்டிட்டாங்க. வேண்டாங்க இவனுக்கு ஆகாதுன்னு நாங்க சொன்னத காதுலயே வாங்கல. சர்க்கரை ஏற ஏற இன்சுலின் சுரக்கும், அது மிச்சம் இருக்கற பொட்டாசியத்தையும் உள்ள தள்ளிடும், பாட்டில் பாதி போறதுக்குள்ள லேசா ஆடிட்டு இருந்த விரலும் நின்னு போச்சு. அந்த கோவம் எனக்கு இன்னும் போகல.

அதனால இந்த தடவ ஆபரேஷன் தேதிக்கு ரொம்ப முன்னாடியே மயக்க டாக்டர போய் பாத்தோம். அவர் பொறுமையா உக்காந்து கேட்டாரு. வீட்ல வேற யாருக்காவது இப்படி வருதா, மயக்கம் குடுத்தப்ப சொந்தத்துல யாராவது இறந்திருக்காங்களா, காய்ச்சல் ஏகத்துக்கு ஏறிச்சான்னெல்லாம். ஈசிஜி, பொட்டாசியம், தைராய்டு எல்லாம் பாக்க சொன்னாரு, ஏன்னா தைராய்டு அதிகமா சுரந்தாலும் இதே மாதிரி கை கால் விழுமாம். லிஸ்ட்ல மொத கேஸா போட்டாங்க, வெறும் வயித்துல நாள் பூரா காத்துக்கெடக்க கூடாதுன்னு. குளுக்கோஸ் கிடையாது, சலைன் மட்டும். தியேட்டர் குளிரும் இவனுக்கு ஆகாது, அதனால கதகதப்பா போர்வை போட்டே வச்சிருந்தாங்க. முதுகுல ஊசி போட்டு பண்ணினாங்க. ஊசி போட்டதும் கால் மரத்துப் போகும், அது ஊசியாலயா அட்டாக்கான்னு கால வச்சு சொல்ல முடியாதில்லையா, அதனால நர்சம்மா அப்பப்ப வந்து "என் விரல கெட்டியா புடி"ன்னு கைய பாத்துட்டே இருந்தாங்க. விடிய விடிய மானிட்டர கழட்டல, பொட்டாசியம் ஏறி இறங்கினா இதயத்துடிப்பு தடம் மாறிடும்னு.

எல்லா தசை வியாதிக்கும் இதே கணக்கு கிடையாதுங்க. டுஷென்னு தசை கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போற பரம்பரை வியாதி இருக்கற பசங்களுக்கு, மயக்கத்தப்ப தசைய தளர்த்த குடுக்கற சக்சினைல்கோலின்னு ஒரு மருந்து போட்டா பொட்டாசியம் திடீர்னு ஏறி இதயமே நின்னுடலாம், என் தம்பி கதைக்கு அப்படியே தலைகீழ். மயஸ்தீனியான்னு தசை சீக்கிரமே சோந்து போற வியாதி இருக்கறவங்களுக்கு தசைய தளர்த்தற மருந்து கொஞ்சம் போட்டாலே ரொம்ப நேரம் நிக்கும், தினம் போடற மாத்திரைய அன்னைக்கு காலைல போடணுமா வேண்டாமான்னு டாக்டர்தான் சொல்லணும். இன்னும் சில பேருக்கு மயக்க வாயு பட்டாலே உடம்பு விறைச்சு சூடு கொதிக்கும், அதுக்கு டான்ட்ரோலீன்னு மருந்து கைவசம் இருக்கணும். 1960ல ஆஸ்திரேலியால கால் உடைஞ்சு வந்த ஒரு பையன் காலப்பத்தி கவலப்படாம மயக்க மருந்துக்கு பயந்தானாம், சொந்தத்துல 10 பேர் மயக்கத்துல செத்திருக்காங்கன்னு. அவன் சொன்னதாலதான் அந்த வியாதியே டாக்டர்களுக்கு புரிஞ்சுது. ஆக நம்ம வீட்டுக் கத அவங்களுக்கு வேணும், மறைக்காதீங்க, கல்யாணம் நின்னுடும்னு மறைக்கறவங்கள எனக்கு தெரியும்.

ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். ஆபரேஷனுக்கு முன்னாடி எழுதற ஃபாரத்துல சுகர், பிரஷர், அலர்ஜி இருக்கற மாதிரி தசை பலவீனம் உண்டா, குடும்பத்துல மயக்க மருந்தால ஆபத்து வந்திருக்கான்னு ஒரு வரி சேருங்க, அத தமிழ்ல நோயாளிகிட்ட வாய் விட்டு கேளுங்க. வீட்ல இருக்கறவங்க, வியாதி பேரு, ஆகாத மருந்து, பாக்கற டாக்டர் நம்பர் மூணையும் ஒரே தாள்ல எழுதி காப்பீட்டு அட்டையோட சேத்து வைங்க, மலையிலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ராத்திரில கேஷுவாலிட்டிக்கு போறப்ப வாயால சொல்ல தெம்பும் இருக்காது, கேக்க ஆளும் இருக்காது. பாக்க வர்ற சொந்தக்காரங்களும் பிரெட்டு, ஸ்வீட்டு, குளுக்கோஸ் பாக்கெட்டுன்னு தூக்கிட்டு வராம, என்ன சாப்பிடலாம்னு ஒரு போன் போட்டு கேட்டுட்டு வாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஏற்காடு