படத்தின் ஆண்டு வேறு, சுவரொட்டி அச்சான ஆண்டு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில், பழைய திரைப்படச் சுவரொட்டிகளைச் சேகரிப்போரைப் பற்றி அண்மையில் வெளியான செய்தியை மகிழ்ச்சியோடு படித்தேன். திரையரங்குகள் ஒவ்வொன்றாகத் திருமண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறிவரும் காலத்தில், சுவரில் கிழிந்து போகவே அச்சடிக்கப்பட்ட தாளை எடுத்து மடித்து வைத்தவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள் என்பது பெருமைக்குரியது. ஆனால் அச்செய்தியோடு வந்த புகைப்படங்களின் கீழ், படம் வெளிவந்த ஆண்டே சுவரொட்டியின் ஆண்டாகவும் குறிக்கப்பட்டிருந்தது. இது பரவலாக நடக்கும் பிழை. இந்தப் பிழையை வைத்துத்தான் இன்று விலை பேசப்படுகிறது என்பதால், தக்கலையில் நெடுங்காலம் அச்சுத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தமிழ்ப் படங்கள் ஒருமுறை ஓடி முடிந்ததும் பெட்டிக்குள் உறங்கியவை அல்ல. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் சிற்றூர்க் கொட்டகைகள் வரை திரும்பத் திரும்ப வந்தன. அவ்வாறு வரும்போதெல்லாம் அந்தந்த ஏரியாவின் உரிமையை வாங்கிய விநியோகஸ்தர், பழைய சுவரொட்டி கையிருப்பில் இல்லையென்றால் புதிதாக அச்சடித்துக்கொண்டார். சில நேரம் பழைய வடிவமைப்பையே பார்த்து வரைந்தார்கள். சில நேரம் முற்றிலும் புதிதாகச் செய்தார்கள். 1964 பொங்கலுக்கு வந்த ‘கர்ணன்’ 2012-இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளியானபோது அச்சடித்த சுவரொட்டிகளும் இப்போது சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. அவற்றையும் போற்றிப் பாதுகாக்கலாம். 1964 என்று எழுதி விற்பதுதான் தவறு. ‘புத்தம் புதிய காப்பி’ என்ற வரி எங்கேனும் ஒரு மூலையில் இருந்தால், அது முதல் வெளியீட்டுச் சுவரொட்டி இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

அந்த வரி இல்லாதபோது முதலில் பார்க்க வேண்டியது நடிகரின் பெயருக்கு முன்னால் இருக்கும் பட்டத்தை. 1940-களின் படங்களில் ‘எம்.ஜி. ராமச்சந்தர்’ என்றே போடப்பட்டு வந்தவர், பின்னர் ‘எம்.ஜி. ராமச்சந்திரன்’ ஆனார், ‘புரட்சி நடிகர்’, ‘மக்கள் திலகம்’ என்று அழைக்கப்பட்டார். ‘புரட்சித் தலைவர்’ என்ற பட்டமோ 1972 அக்டோபரில் அவர் தனிக்கட்சி கண்ட பிறகே வந்தது. சிவாஜி கணேசனுக்குப் பத்மஸ்ரீ 1966-இலும், பத்மபூஷண் 1984-இலும், செவாலியே விருது 1995-இலும் கிடைத்தன. ஆகவே 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ சுவரொட்டியில் ‘பத்மஸ்ரீ’ என்று இருந்தால் அது முதல் வெளியீட்டுக்குரியதாக இருக்க முடியாது. ‘செவாலியே’ என்று இருந்தால் முப்பது ஆண்டுகள் பிந்தியது.

அடுத்தது எழுத்தின் வடிவம். லை, ளை, னை, ணை ஆகியவற்றை மேலே துதிக்கை போன்ற வளைவோடு எழுதும் பழைய முறையை மாற்றி, பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில். 1950-களின் சுவரொட்டி என்று காட்டப்படும் தாளில் இன்றைய வடிவிலான ‘லை’யும் ‘னை’யும் இருந்தால் ஐயப்பட்டே ஆக வேண்டும். நம் மாவட்டத்தவருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் மலையாளப் படங்கள் தொடர்ந்து ஓடியதால் மலையாளச் சுவரொட்டிகளும் இங்கே கிடைக்கின்றன. மலையாள எழுத்திலும் 1971-இல் கேரள அரசு ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்து, கூட்டெழுத்துகளையும் உகர, ஊகாரக் குறிகளையும் பிரித்தெழுதும் முறையைப் புகுத்தியது. இரு மொழியும் படிக்கத் தெரிந்த களியக்காவிளைக்காரர் ஒருவர் வேறெந்த ஊர்ச் சேகரிப்பாளரையும்விட நன்றாக இதைக் கணித்துவிட முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இத்தகைய அடையாளங்கள் எல்லாம் ஒருவழிப் பாதைகள். ‘இந்த ஆண்டுக்கு முன்னால் அச்சாகியிருக்காது’ என்று அவை சொல்லும். ‘இந்த ஆண்டுக்குப் பின்னால் அச்சாகவில்லை’ என்று ஒருபோதும் சொல்லமாட்டா. அரசாணை வந்த மறுநாளே கையால் எழுத்து வரையும் ஓவியர்கள் பழைய வடிவத்தைக் கைவிட்டுவிடவில்லை. ஆகவே துதிக்கை ‘லை’யைக் கண்டதும் 1978-க்கு முந்தையது என்று துள்ளுவது கூடாது. அதேபோல் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முகவரியில் ‘600 002’ என்று இருந்தால் அந்த நாளுக்குப் பிந்தியது என்பது உறுதி. ஆனால் ‘சென்னை-2’ என்று மட்டும் இருப்பது எதையும் மெய்ப்பிக்காது, ஏனெனில் அப்படி எழுதும் பழக்கம் இன்றும் போகவில்லை. தணிக்கைச் சான்றில் ‘யு/ஏ’ என்ற பிரிவு 1983-இல்தான் சேர்க்கப்பட்டது என்பதையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம்விட அச்சைப் பார்ப்பதே நம்பகமான வழி. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று போதும். பழைய லித்தோ முறையில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகத் தகட்டில் கையால் வரைந்து அச்சிட்டார்கள். கண்ணாடி வழியே பார்த்தால் நிறம் பொடிப்பொடியாக, ஒழுங்கற்ற மணல் பரப்பாகத் தெரியும். ஒரு நிறம் இன்னொன்றைவிட இம்மியளவு விலகி நிற்பதும் உண்டு. பிற்கால ஆப்செட்டில் நான்கு வண்ணப் புள்ளிகள் வரிசையாக, சிறு பூ வடிவங்களாக அமைந்திருக்கும். இன்றைய டிஜிட்டல் பிரிண்டில் நுண்துளிகள் தெளித்தாற்போல் கிடக்கும். புள்ளி இருந்தாலே போலி என்று சொல்லிவிடவும் கூடாது. பழைய நோட்டீசுகளில் நடிகரின் புகைப்படத்தைப் பிளாக் (படத்தைப் புள்ளிகளாகப் பதித்த உலோக அச்சுக்கட்டை) செய்து அடித்ததால் அந்தப் படத்தில் மட்டும் புள்ளிகள் இருப்பது இயல்பே. பார்க்க வேண்டிய இடம் படத்தின் தலைப்பை எழுதியுள்ள எழுத்துகள். மூலச் சுவரொட்டியில் எழுத்தின் விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும், உள்ளே மை நிரம்பியிருக்கும். மூலத்தைப் புகைப்படம் எடுத்து மீண்டும் அச்சிட்டதில், படத்தில் உள்ள அதே புள்ளிகள் எழுத்துக்குள்ளும் ஓடி, விளிம்பு அரித்தது போல் உடைந்திருக்கும்.

எங்கள் பகுதி இளைஞர் ஒருவர், ‘நாடோடி மன்னன்’ படத்தின் 1958-ஆம் ஆண்டுச் சுவரொட்டி என்று சொல்லப்பட்டதை வெளியூர் வியாபாரி ஒருவரிடம் பெருந்தொகை கொடுத்து வாங்கி, என்னிடம் காட்டுவதற்காகக் கொண்டுவந்தார். முப்பதுக்கு நாற்பது அங்குலத் தாள். படப்பெட்டியோடு பார்சலில் மடித்து அனுப்பப்பட்டதற்கு அடையாளமாக நெடுக்கிலும் குறுக்கிலும் மடிப்புக் கோடுகள் தெரிந்தன. ஆனால் அக்கோட்டின் மேல் விரலை வைத்துத் தடவினால் எந்த மேடுபள்ளமும் தட்டுப்படவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் மடிப்பே கிடையாது. உண்மையான ஒரு பழைய சுவரொட்டியின் மடிப்பு, இங்கே மையாக அச்சாகியிருந்தது. ஓரத்தின் பழுப்பு நிறமும் அப்படியே. கண்ணாடியில் அந்தப் பழுப்பு முழுவதும் வண்ணத் துளிகளாகப் பிரிந்தது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதா விளக்கை இருட்டறையில் காட்டியபோது தாள் நீலவெண்மையாகப் பளிச்சிட்டது. பழைய மலிவுத் தாள் அப்படி ஒளிராது. வெண்மையூட்டும் ஒளிர்பொருளைக் காகிதத்தில் சேர்க்கும் வழக்கம் 1950-களில்தான் பரவத் தொடங்கியது. அந்த இளைஞரின் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு மனம் தாளவில்லை. நல்ல ஆர்வத்தோடு இத்துறைக்கு வருபவர்கள் முதல் படியிலேயே இப்படி ஏமாற்றப்படுவது பெரிய அநியாயம்.

அந்தத் தாளில் கீழ் ஓரம் வெட்டப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட ஊரும் அச்சான தாளில் இடம்பெற வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் விதித்திருந்தது. ஆகவே சிவகாசியோ சென்னையோ, அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் கீழே ஒரு வரியாக இருக்கும். பலர் கண்ணாடி பிரேம் போடும்போது அழகு கருதி அந்த வரியை வெட்டிவிடுகிறார்கள். போலி செய்பவர்கள் வேண்டுமென்றே வெட்டுகிறார்கள். சுவரொட்டியின் பிறப்புச் சான்றே அந்த வரிதான். அதன் அருகில் திருநெல்வேலி–கன்னியாகுமரி விநியோகப் பகுதியைக் குறிக்கும் ‘டி.கே.’ என்ற எழுத்துகளோ விநியோகஸ்தரின் ரப்பர் முத்திரையோ இருந்தால், அத்தாள் நம் பகுதியில் புழங்கியது என்பதும் தெளிவாகும்.

சுவரொட்டியைவிட நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் காலத்தைத் திருத்தமாகக் காட்டும். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சிப் பரப்பில் இருந்ததால், இங்கு கிடைக்கும் தாள்களில் தமிழகத்தின் பெரும்பாலான பகுதிகளில் இல்லாத தடயங்கள் உண்டு. கட்டணம் சக்கரக் கணக்கில் இருந்தால் அது திருவிதாங்கூர் நாணயம் புழங்கிய காலத்தது. அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையதாகவே பெரும்பாலும் இருக்கும். ‘நயா பைசா’ என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரியிலிருந்து 825-ஐயும் கூட்டி ஆங்கில ஆண்டைப் பெறலாம். ஆண்டே இல்லாமல் தேதியும் கிழமையும் மட்டும் இருந்தாலும் கைவிட வேண்டியதில்லை. ‘ஆகஸ்ட் 22 வெள்ளிக்கிழமை முதல்’ என்று ஒரு துண்டுத்தாள் ‘நாடோடி மன்னன்’ சுவரொட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தது 1958-இல். அதன் பிறகு 1990 வரை பார்த்தால் 1969, 1975, 1980, 1986 ஆகிய ஆண்டுகளில்தான். மற்ற அடையாளங்களோடு வைத்துப் பார்த்தால் இவற்றில் ஒன்று மட்டும் எஞ்சும்.

தாளின் தேதிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். மலையாளத் திரையுலகின் தந்தை எனப் போற்றப்படும் ஜே.சி. டேனியல் நம் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். அவர் எடுத்த ‘விகதகுமாரன்’ வெளியானது 1928-இலா 1930-இலா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். படச்சுருள் அழிந்துவிட்டது. ஒரு மொழியின் முதல் படத்துக்கே இந்த நிலை என்றால், அன்றைய தாள்களைக் காப்பதும் அவற்றின் காலத்தைச் சரியாகக் குறிப்பதும் எவ்வளவு முக்கியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைத் தந்த நாகர்கோவிலில், அவர் நடித்த படங்களின் நோட்டீசுகள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கக்கூடும்.

அவ்வாறு வைத்திருப்போர் தயவுசெய்து அவற்றை லேமினேட் செய்ய வேண்டாம். செல்லோடேப் ஒட்டவும் வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரின் ஈரத்தில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் முதலில் தேடி வருவது இத்தகைய தாள்களைத்தான். காற்றோட்டமான இடத்தில் மடிக்காமல் படுக்கையாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது. எந்தத் திரையரங்கிலிருந்து, யார் மூலம் வந்தது என்பதைப் பின்புறம் மென்மையாகப் பென்சிலால் எழுதி வைக்கலாம். வீட்டில் வைக்க இயலாதவர்கள் பழைய பேப்பர் கடையில் போடுவதற்கு முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. இனிமேல் இத்தகைய புகைப்படங்களை வெளியிடும்போது, படம் வெளிவந்த ஆண்டையும் சுவரொட்டி அச்சான ஆண்டையும் தனித்தனியே குறிப்பிடுங்கள்; பின்னது உறுதியாகாதபோது ‘மறுவெளியீட்டுச் சுவரொட்டியாகவும் இருக்கக்கூடும்’ என்று சேர்த்துவிடுங்கள். பக்க அமைப்புக்காகப் புகைப்படத்தை வெட்ட நேர்ந்தால் மேற்பகுதியை வெட்டிக்கொள்ளலாம். அச்சகத்தின் பெயர் உள்ள கீழ் ஓரத்து வரியை மட்டும் விட்டுவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.