சாவி என் பையில்தான் இருந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். வாட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே செவ்வாய்க்கிழமை இரவு 11.40 என்றே நிற்கிறது. வேலை இருக்கும், தெரியும். அதைக் கேட்க எழுதவில்லை.

வீடு வீடாகப் போய்க் குழாய்த் தண்ணீர் பிடித்து, சோதித்து, வரைபடத்தில் போடுகிறீர்களே, அதைத் தினமும் திறந்து பார்க்கிறேன். போன மாதம் 9 சிவப்புப் புள்ளிகள். இப்போது 31. ஒரு புள்ளியைத் தொட்டால் பாட்டிலின் படம் வருகிறது, ஒட்டிய சீட்டில் உன் கையெழுத்து. 'குழாய்' என்பதில் அந்த 'ழ'வை இன்னும் அப்படியேதான் சுழிக்கிறாய்.

ஆனால் ஒரு படத்தில் வாசற்கதவும், அதைத் திறந்த அம்மாளின் பாதி முகமும் விழுந்திருக்கிறது. அதை எடுத்துவிடு. கேமராவில் லொகேஷன் ஆனில் இருந்தால் எடுத்த இடமும் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். உனக்குத் தெரியாததா? ஆனாலும் பார். உங்கள்மேல் கோபப்படுகிறவர்கள் முதலில் போய் நிற்பது அந்த அம்மாள் வாசலில்தான்.

நீ சொன்ன அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 2014இல் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றியபோது குழாய் அரிக்காமல் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட, பழைய குழாய்களின் ஈயம் கலந்து வந்திருக்கிறது. தண்ணீரில் குறையில்லை என்றே அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015இல் ஒரு பல்கலைக்கழகக் குழு 300 சோதனைப் பெட்டிகள் அனுப்பியது. ஊர்க்காரர்களே வீடு வீடாகக் கொடுத்து நிரப்பி வாங்கினார்கள். அக்டோபரில் பழைய தண்ணீருக்கே திரும்பினார்கள். கதவைத் தட்ட ஆளில்லாவிட்டால் அந்த 300 பெட்டியும் கட்டுப் பிரிக்காமல் கிடந்திருக்கும். நீ செய்வதும் அதுதான். எனக்குப் பெருமைதான்.

இரவில் தனியாகப் போகாதே. முடிவுகளைப் பேப்பரிலும் எழுதி வை, ஃபோனை யாராவது பிடுங்கிக்கொண்டால் எல்லாம் போகும். அந்தப் படத்தை எடுத்துவிடு. அப்புறம், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பதில் போடுகிறாய், அம்மாவுக்கு ஒரு வரி போட முடியவில்லையா?

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரியில், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதான இரவே, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, கல்லூரி மெஷினில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருட்டி எடுத்தாராம். ஒரு நாள் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று கேட்டது 381 நாள் நடந்தது. படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெரியப்பா ஏன் வருவதில்லை என்று கேட்பாயே. சொத்துத் தகராறு என்றேன். அது பொய். வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள், துண்டறிக்கைக்கு ஸ்டென்சில் வெட்டி எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தார். பிரதி எடுக்கும் ரோனியோ மெஷின் என் பொறுப்பு. 200 பிரதி, அரை மணி நேர வேலை. அறைச் சாவி மேனேஜரிடம் இருக்கிறது என்றேன். சொல்லும்போதே சட்டைப் பையை என் கை பொத்திக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையைத்தான் பார்த்தார். ஸ்டென்சிலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வெளியே நின்றது அவரோடு 11 பேர். அத்தனை பேருக்கும் வேலை போயிற்று.

நீ பிறந்து அப்போது 20 நாள். பிள்ளைக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை வருடமும் உன்னைக் காட்டித் தப்பித்துவிட்டேன். பயம்தான் பாப்பா, வேறொன்றும் இல்லை.

அவர் நம்பர் உன்னிடம் இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். அனுப்பு. இன்றைக்கே அனுப்பு.

அப்பா