தவணை நாளும் பிள்ளையின் முதுகும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெற்ற மகனைக் காயப்படுத்திய தந்தை பற்றிய செய்தியை ‘வறுமையின் கொடுமை’ என்ற தலைப்பில் வெளியிட்டிருந்தீர்கள். பத்தொன்பது வருடமாக அங்கன்வாடியில் வேலை பார்க்கும் எனக்கு அந்தத் தலைப்பு உறுத்தியது. ஏழை வீடெல்லாம் பிள்ளையை அடிக்கும் வீடு இல்லை.

எங்கள் மையம் இருப்பது விசைத்தறித் தெருவில். பாதி வீடுகளில் குழுக் கடன், வியாழக்கிழமை தவணை. போன வருடம் தறி ஓடாத மாதத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நெருக்கடிதான். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான்கு வயதுக் குழந்தை ஒருத்தி மட்டும் சுவரில் சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முதுகில் கரண்டிக் காம்பின் தடம், மூன்று வரி.

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “பாலைக் கொட்டிட்டா டீச்சர், அவ்வளவுதான். வாசல்ல டியூக்காரர் நின்னுட்டிருந்தாரு. கை எப்படி நீண்டுச்சுன்னே தெரியல” என்று அழுதார். அவருக்கு முன்கோபம் உண்டு, தெருவுக்கே தெரியும். கையில் காசு ஓடும் மாதத்தில் அது பாத்திரத்தின் மேல் போகும். காசில்லாத மாதத்தில் பிள்ளை மேல் இறங்குகிறது. எதிர்வீட்டிலும் அதே கடன்தான். அந்த அப்பா அன்றைக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

சமூகப்பணி படிக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, அமெரிக்கச் சமூகவியலாளர் கிளென் எல்டரின் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 1930களின் பெருமந்தக் காலத்துக் குடும்பங்களை ஆராய்ந்தவர் அவர். வருமானம் விழுந்தபோது, ஏற்கெனவே சிடுசிடுப்பாக இருந்த அப்பாக்கள்தான் பிள்ளைகளிடம் இன்னும் கடுமையாக நடந்துகொண்டார்களாம். எங்கள் தெருவில் நான் பார்ப்பதும் அதுவே.

நம் நாட்டில் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. அதன்படி, குடும்பத்துக்குள் அடிபட்ட பிள்ளைகளில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றோரே.

முதுகில் தடத்தோடு வந்த அந்தக் குழந்தைக்காக, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தகவல் சொன்னேன். வந்தார்கள், அம்மாவிடம் பொறுமையாகவே பேசினார்கள். சரி, அடுத்த வியாழக்கிழமை? அதே வாசல், அதே ஆள், இரவு ஏழு மணி.

ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிப்படி இந்தக் குழுக் கடன் போன்ற நுண்கடன்களின் தவணையை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு குறித்த இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்குப் போகலாம். மாலை 6 மணிக்கு மேல் தொந்தரவு செய்யவே கூடாது. இதை எங்கள் தெருவில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. உங்கள் பத்திரிகை இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். அப்புறம், மகளிர் குழுக் கூட்டத்துக்கு மாதம் ஒருமுறையாவது ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) ஒருவரை அரசு அனுப்ப வேண்டும். கோபம் தலைக்கேறும்போது என்ன செய்வது என்று அந்தப் பெண்களுக்கு இதுவரை யாருமே சொல்லித்தந்ததில்லை.

இப்போதெல்லாம் அந்த அம்மா வியாழன் மதியமே வந்துவிடுகிறார். “இன்னைக்கு ராத்திரி வரைக்கும் பாப்பா உங்க வீட்டுல இருக்கட்டும் டீச்சர்” என்கிறார். மையத்தைப் பூட்டியதும் அவளை என்னோடு கூட்டிப் போகிறேன். டியூக்காரர் போன பிறகுதான் வந்து அழைத்துப் போகிறார்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
ஈரோடு மாவட்டம்.