ஷார்ஜா மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

உன் வாய்ஸ் மெசேஜுக்கு மூன்று வாரமாகப் பதில் போடவில்லை, திட்டாதே. அம்மாவைப் போன ஞாயிறு பார்த்தேன், கால் வீக்கம் வற்றிவிட்டது, மார்க்கெட்டுக்கு அவர்களே நடந்து போய் வருகிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் வஞ்சிரம் விலை கேட்டாலே மயக்கம் வருகிறது. ஜூன் 14 வரைக்கும் நமக்கு நெத்திலிதான்.

வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். பிரமோஷன் மாதிரி ஒன்று வந்திருக்கிறது. நாலு வருஷமாக டிவி செய்திக்குக் கீழே ஓடுகிற ஸ்க்ரோல் வரியை அடித்துக்கொண்டிருந்தவனை வெப்சீரிஸ் டீமுக்கு மாற்றிவிட்டார்கள். பதவியின் பெயர் வட்டார ஆலோசகர். தகுதி, ராயபுரத்தில் பிறந்தது. கதை வடசென்னையில் போதை. நம்மைப் பற்றி வேறென்ன எடுப்பார்கள்?

டிஸ்கஷன் எல்லாம் ஈசிஆரில் ஒரு பங்களாவில், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். முதல் நாளே எங்கள் கிரியேட்டிவ் ஹெட் (நம்ம வயசுதான், பேச்சு மட்டும் ஆஸ்கார் வாங்கிவிட்டு ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்தவன் மாதிரி) அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஷீல்டை எடுத்து மேசையில் படுக்க வைத்தான். போதை விழிப்புணர்வுக் குறும்படத்துக்கு வாங்கியதாம். அதன் மேல்தான் பவுடரைக் கொட்டினான். கோடு பிரிக்கக் கார்டு வேண்டுமே, எல்லோரும் போனிலேயே பணம் கட்டுகிறவர்கள், ஒருத்தனிடமும் பர்ஸ் இல்லை. "ப்ரோ, உங்க ஐடி கார்டு குடுங்க." கொடுத்துவிட்டேன் மச்சான். நாலு வருஷம் காத்திருந்து வாங்கிய பர்மனென்ட் கார்டு. திரும்பி வந்தபோது போட்டோவில் எனக்கு மீசை நரைத்திருந்தது. சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

கால் மணி நேரத்துக்கு அத்தனை பேரும் மேதைகள். எட்டு சீசன் என்கிறான் ஒருத்தன், கேன்ஸ் என்கிறான் இன்னொருத்தன், மூன்றாமவன் கதையை ஒரே வரியில், ஒன்லைனாகச் சொல்லிக்கொண்டே அழுகிறான். அப்புறம் இறங்கிவிடும், மறுபடி கோடு. விடிந்து பார்த்தால் பேப்பரில் மிஞ்சியிருந்தது 'துறைமுக கிரேன், டாப் ஷாட்' என்ற ஒரே வரி. பயமாக இல்லையா என்று ஹெட்டிடம் கேட்டேன். 1985 போதைப்பொருள் சட்டக் கணக்கில் கொக்கைன் 2 கிராம், கஞ்சா 1 கிலோ வரைக்கும் சிறிய அளவுதான் ப்ரோ என்றான். ஒரு குறள் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது, இது மட்டும் மனப்பாடம். அந்தச் சிறிய அளவுக்கும் ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு என்பது மட்டும் மறந்துவிட்டது.

நம்ம இடியாப்பக்கார அக்கா மகன், கேரம் நன்றாக ஆடுவானே, அவனை இரண்டு பொட்டலத்தோடு போலீஸ் பிடித்தது உனக்கே தெரியும். 'வடசென்னையில் கஞ்சா கும்பல் சிக்கியது' என்று எங்கள் டிவியில் நாள் பூராவும் ஓடியது. கும்பல் என்றால் அவன் ஒருத்தன்தான். அந்த ஸ்க்ரோலை அடித்தது நான். உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை. அக்கா இன்னமும் எனக்கு ஒரு இடியாப்பம் கூடுதலாக வைக்கிறார்கள்.

போன வாரம் லொகேஷன் பார்க்க நம்ம தெருவுக்கே வந்தார்கள். வீட்டுக்கு வீடு ஏசி பெட்டி தொங்குவது ஃபிரேமைக் கெடுக்கிறதாம், தெரு இன்னும் கொஞ்சம் அழுக்காக இருக்கலாமாம். ஹெட் நிமிஷத்துக்கு ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அக்கா பார்த்துவிட்டு, "பாவம், தம்பிக்குச் சளி நெஞ்சுல இறங்கிடப் போவுது" என்று சுக்குக் கஷாயம் போட்டு எடுத்து வந்தார்கள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு என்னைத் தனியே இழுத்து, "செம ரா ப்ரோ இந்தம்மா, கஞ்சா விக்கிற கேரக்டருக்குப் போட்டுடலாம்" என்றான். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

சரி, ஆகஸ்ட்டில் வருகிறாய் அல்லவா. அக்கா கோடாலித் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வரச் சொன்னார்கள். ஒன்று அவர்கள் முட்டிக்கு, இன்னொன்று அந்த மூக்கடைச்ச தம்பிக்கு.