108-ல் போனை எடுப்பவரே வழிகாட்டட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மண்டபத்திலோ பேருந்து நிலையத்திலோ ஒருவர் திடீரென்று சுருண்டு விழுந்தால் நம் ஊரில் சோடா தெளிப்பார்கள், விசிறுவார்கள், நாலு பேர் தூக்கி ஆட்டோவில் போடுவார்கள். எல்லாம் நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் இதயம் நின்று விழுந்தவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது, யாராவது உடனே அவர் நெஞ்சை அழுத்துவது. அப்படி யாரும் அழுத்தாமலும், இதயத்தை மீண்டும் துடிக்க வைக்கும் மின் அதிர்ச்சி கிடைக்காமலும் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்போடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். அருமையான திட்டம். ஆனால் இதயமே நின்றுபோனவரால் மாத்திரை விழுங்க முடியாதே!

இப்படி நடப்பது பெரும்பாலும் வீட்டில்தான். பக்கத்தில் இருப்பது மனைவியோ மகனோ மருமகளோ. பயிற்சி இருக்காது, ஆனால் 108-க்குப் போன் செய்வார்கள். அதனால் என் முதல் கோரிக்கை அந்தப் போனை எடுப்பவர்களைப் பற்றியது. வண்டியை அனுப்பிய கையோடு அவர்கள் ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். தட்டிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? மூச்சு வழக்கம்போல் வருகிறதா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, விழுந்தவரைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி அழுத்தச் சொல்ல வேண்டும். வண்டி வரும்வரை போனிலேயே கூட எண்ண வேண்டும். இதயம் நின்ற பிறகும் சிலருக்கு விட்டு விட்டு மூச்சு இழுக்கும். 'மூச்சு இருக்கு' என்று வீட்டார் நம்பிவிடுவார்கள். அதனால் அந்த இரண்டாவது கேள்வியைத் துருவித்தான் கேட்க வேண்டும். வாயில் ஊதத் தெரியாவிட்டால் விட்டுவிடலாம், அழுத்தினால் போதும். விலா எலும்பு முறிந்தால்கூட அப்புறம் சேர்ந்துகொள்ளும்.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 1980-களிலிருந்தே போனில் இப்படிச் சொல்லித் தருகிறார்கள். டென்மார்க் 2005-ல் பள்ளிகளில் சி.பி.ஆர். (இப்படி நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி) பயிற்சியைக் கட்டாயமாக்கியது, அடுத்த ஆண்டு லைசென்ஸ் எடுப்பவர்களுக்கும். அங்கே 2001-ல் நூற்றுக்கு 21 பேருக்குத்தான் அருகிலிருந்தவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள்; 2010-ல் அது 45 ஆனது. ஒரு மாதம் கடந்து உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 ஆனார்கள். நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பீரியட் ஒதுக்க முடியாதா?

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, சாலை விபத்தில் உதவுபவரைத்தான் காக்கிறது. நடைபாதையில் இதயம் நின்று விழுந்தவரின் நெஞ்சை அழுத்துகிறவருக்கு அதில் இடமில்லை. அவருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்க அரசு சட்டம் கொண்டுவர வேண்டும்.

– ஒரு பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்